அன்னத்தாய் சொன்ன சாட்சி

பையில் செந்நிறம் தெரிந்த அன்று, அன்னத்தாய் தண்டுக்கீரையின்மேல்தான் பழியைப் போட்டாள்.

அவள் வயிற்றின் வலப்புறத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, சிறுகுடலின் முனையை வெளியே கொணர்ந்து தைத்திருந்தார்கள். அதன்மேல் பொருந்தும்படி ஒரு ரப்பர்ப் பை. பையைத் தாங்க இடுப்பைச் சுற்றி ஒரு வார். பெருங்குடலை இழந்தவள் ஆதலால், உண்டதெல்லாம் அந்தப் பையில்தான் வந்து இறங்கும். உண்ட பொருளின் நிறமும் பல வேளை உடன் வரும். முந்தின இரவு ஆக்கியது சிவப்புத் தண்டுக்கீரை. 'கீரைதான், வேறென்ன' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பையைக் கழுவிக் கட்டிக்கொண்டு ராஜபாளையத்துப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

அன்று பகலும் இரவும் மோர்ச்சோறன்றி வேறொன்றும் அவள் உண்ணவில்லை. மறுநாள் காலை பையைச் சாய்த்தாள். செந்நிறம் போகவில்லை. சளி போன்ற கோழையும், அதனூடே கட்டிபட்ட கருஞ்சிவப்பும் கலந்து வழிந்தன. அவள் அதை அறிவாள். நான்கு ஆண்டுகள் நாள்தோறும் கண்ட முகம் அது. வாளியின் விளிம்பைப் பற்றியபடி குளியலறைத் தரையில் குத்தவைத்து அமர்ந்துவிட்டாள். நோய் இருந்த உறுப்பை அறுத்து எறிந்தாயிற்றே. உறுப்பே இல்லாத வயிற்றுக்குள் நோய் எவ்வழியாக மீண்டது? வேரோடு பெயர்த்து எரித்த மரத்தின் நிழல் முற்றத்தில் மறுபடி விழக் கண்டவளைப் போல அவள் திகைத்தாள்.

கான்சாபுரத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள் அன்னத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த தேவஇரக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ராஜபாளையத்து நூலாலை ஒன்றில் கோன் சுற்றும் பிரிவில் அவளுக்கு வேலை. அறுந்த நூலை ஓடிப்போய் முடிவதும், முடிந்த நூல் ஓடுவதைப் பார்த்து நிற்பதும் அவள் அன்றாடம். கூட்டத்தில் அவள் குரல் உயர்த்திப் பேசி எவரும் கேட்டதில்லை. ஆலயத்தில் கீர்த்தனை பாடும்போதுகூட அவள் உதடு அசையும்; ஓசை அடுத்தவர் செவிக்கு எட்டாது.

எண்பத்தேழாம் ஆண்டில் நோய் வந்தது. முதலில் மூலம் என்றார்கள். மாதுளம்பிஞ்சும் கடுக்காயும் அரைத்துக் கொடுத்தார்கள். பின்பு சீதபேதி என்றார்கள். இறுதியில் மதுரைப் பெரிய ஆசுபத்திரி ஒன்றில், பெருங்குடல் முழுதும் புண் பரவியிருக்கிறது என்று கண்டு சொன்னார்கள். அதற்குக் கொடுத்த மாத்திரையில் அவள் முகம் பூரித்து வீங்கியது. "அன்னத்தாய்க்குச் சதை போட்டிருச்சு பாத்தியா, சைக்கிள் கடைக்காரர் நல்லாத்தான் காத்தடிக்காரு" என்று ஆலைப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கழிப்பறைக்கு ஓடினாள்.

தொண்ணூற்றொன்றில் குடல் வீங்கி வெடிக்கும் நிலைக்கு வந்தது. அன்றே அறுத்து எடுத்தார்கள். கண் விழித்தவளிடம் மருத்துவர் சொன்னார்: "வீட்டையே இடிச்சாச்சும்மா. இனி அந்த நோய் எங்க வந்து குடியிருக்கும்? பயப்படாதீங்க."

அந்த ஒரு வாக்கியத்தை அவள் மதுரையிலிருந்து புதையல்போல் கொண்டுவந்தாள். பையோடு வாழப் பழகுவதும் அத்தனை அரிதாக இல்லை. ஓராண்டுக்குள் மெலிந்த உடம்பு தேறியது. ரப்பர்ப் பையில் கசிவு கண்டால் தேவஇரக்கம் அதைக் கடைக்கு எடுத்துப்போய், சைக்கிள் டியூபுக்குச் செய்வதுபோலத் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போட்டுத் தருவார். "ஊர்ல எவன் பொண்டாட்டிக்காவது புருசன் பஞ்சர் ஒட்டியிருக்கானாட்டி?" என்பார். அவரையன்றி வேறு எவரும் அந்தப் பையைக் கண்டதில்லை.

மறு ஆண்டு ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. நோயிலிருந்து பிழைத்தவர்கள் பண்டிகை நாளில் சபை முன் எழுந்து சாட்சி சொல்வது அங்கே வழக்கம். சொன்ன சாட்சி அதன்பின் சொன்னவருக்கு மட்டும் உரியதன்று. துயருற்றவர்கள் அதைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, தங்கள் மன்றாட்டில் வைத்துக்கொள்வார்கள். குருவானவர் அழைத்தபோது அன்னத்தாய் எழுந்தாள். குரல் நடுங்கவில்லை. தான் பட்டதைச் சொன்னாள், அறுவையைச் சொன்னாள், "வீடே இடிஞ்சிருச்சு, இனி என் வயித்துல அந்த நோய் இல்ல, பூரண சுகம் பெற்றேன்" என்று சொன்னாள். பையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாணம் நாவைக் கட்டியது. சபையார் கண்ணீர் மல்க அல்லேலூயா என்றார்கள்.

பிற்பகலில் அசனம். ஆலய வளாகத்தில் பெரிய அண்டாக்களில் ஆக்கிய சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாதி சமயம் பாராமல் வந்தவர்க்கெல்லாம் பந்தியில் விழும். அந்தப் பந்தியில் மம்சாபுரத்து வெள்ளத்தாய் தன் மகள் சந்தனத்தைக் கைப்பிடித்து இழுத்துவந்து அன்னத்தாயின் முன் நிறுத்தினாள். பத்தொன்பது வயதுப் பெண். எலும்பின்மேல் சேலை சுற்றியதுபோல் நின்றாள்.

"தாயி, இவளுக்கும் ஒனக்கு வந்ததேதான். ரத்தமாப் போவுது. அதே மதுரை டாக்டருதான் கொடல எடுக்கணுங்காரு. வயித்துல ஓட்டையப் போட்டுட்டு இவள எவன் கட்டுவான்னு நான் முடியாதுன்னுட்டேன். நீ சொன்னதக் கேட்ட பொறவு மனசு மாறிட்டேன். இவளக் காப்பாத்துறது ஒன் பொறுப்பு."

சந்தனம் அன்னத்தாயின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணின் அறுவைக்குக் கார்த்திகையில் நாள் குறித்தார்கள். ஐப்பசியில் அன்னத்தாயின் பையில் குருதி கண்டது.

அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. உயிர்மேல் ஆசை இல்லாததால் அல்ல. வாய் திறக்க முனைந்த ஒவ்வொரு முறையும் வெள்ளத்தாயின் முகம் எதிரே வந்து நின்றது. அன்னத்தாய்க்கே மீண்டும் வந்துவிட்டது என்று தெரிந்தால், அந்தத் தாய் மகளைக் கத்தியின் அருகே விடமாட்டாள். கத்தி படாவிட்டால் அந்தப் பெண் பிழைக்கமாட்டாள். சபையின் முன் எழுந்து நின்று சொன்ன சொல் இப்போது பொய்யாக வேண்டுமா? கார்த்திகை கழியட்டும், சந்தனம் தேறி எழட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தாள். நோய்க்குத் தவணை சொல்லி வாசலில் நிறுத்திவைக்கலாம் என்று எண்ணிய பேதைமை அது.

நோய் நிற்கவில்லை. பை ஒரு மணிப்பொழுதில் நிரம்பியது. கழுவிக் கட்டினால் மீண்டும் நிரம்பியது. நீர் குடித்தால் இன்னும் மிகுதியாகப் போகிறது என்று நீரைக் குறைத்தாள். நாக்கு வறண்டு மரப்பட்டை போலாயிற்று. கெண்டைக்கால் நரம்பு சுருட்டி இழுத்தது. கண்கள் குழிக்குள் போயின.

"ஏட்டி, ஒன் டியூபு இப்ப பஞ்சரே ஆகுறதில்லையோ?" என்று தேவஇரக்கம் ஒரு நாள் கேட்டார். "எங்கிட்டத் தந்து ரொம்ப நாளாச்சே."

"நீங்க ஒட்டுன ஒட்டு கெட்டியா நிக்குது."

"நான் ஒட்டுனது அம்புட்டுக் கெட்டியா நின்னா, கடைக்கு எவனும் ரெண்டாந்தரம் வரமாட்டானே." சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "என்னட்டி, இப்படி வத்திப்போயிருக்க?"

"ஆலையில வெக்கை."

மழை பெய்துகொண்டிருந்த ஐப்பசியில் அவள் வெக்கை என்றாள்.

மகளை மதுரைக்குக் கூட்டிச் செல்லுமுன் வெள்ளத்தாய் ஒரு மாலை வீடு தேடி வந்தாள். உள்ளே வந்து உட்காரவும் இல்லை. "மனசு கெடந்து அடிச்சுக்கிடுது தாயி. ஒரே ஒரு வார்த்தை. ஒங்க சாமி சாட்சியாச் சொல்லு. நீ நல்லாத்தான இருக்க?"

அந்த நேரத்தில் பை நிரம்பிக் கனத்துத் தொங்கியது. அடிவயிற்றை முறுக்கிப் பிழிந்தது. அன்னத்தாய் கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள்.

"நல்லா இருக்கேன்" என்றாள்.

வெள்ளத்தாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அன்னத்தாய் அசையவில்லை. தன் வாயிலிருந்து வந்தது தன் குரல்தானா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. கடவுளின் பெயரைச் சான்றாக வைத்துப் பொய் சொல்ல, பிறந்தது முதல் அவள் நா அறிந்ததில்லை. குருதியைக் கண்ட நாளின் அதிர்ச்சி இதன் முன் சிறிதாயிற்று.

அதன்பின் சில நாளே கழிந்தன. காலை முறைக்குச் சங்கு ஊதி எந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஒரு நூல் அறுந்தது. முடியப் போனவளின் விரல்கள் மடங்கி, விரிய மறுத்தன. நூலின் இரு முனைகளையும் பார்த்துக்கொண்டே சாய்ந்து விழுந்தாள். தூக்க ஓடிவந்த பெண்கள் சேலையில் பரவிய ஈரத்தைக் கண்டு, பின்பு அதன் நிறத்தைக் கண்டு, கையை எடுத்துக்கொண்டு அலறினார்கள்.

கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் தேவஇரக்கம் அவள் தலையை மடியில் வைத்திருந்தார். "எம்புட்டு நாளாட்டி?" என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலைத்துண்டால் தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

அறுத்த மருத்துவர் வந்து பார்த்தார். பையைப் பார்த்தார். அவர் முகத்தில் தோன்றியதைக் கண்டு அன்னத்தாயின் அச்சம் இரட்டித்தது. ஏனெனில் அவரும் தன்னைப்போலவே திகைத்து நின்றார்.

"இது வரக்கூடாதும்மா" என்றார். "இருக்கவே கூடாது."

முதலில் தொற்றோ என்று பார்த்தார்கள், இல்லை. காசநோய் குடலில் இறங்கியிருக்குமோ என்று ஐயுற்றார்கள், அதுவும் இல்லை. வயிற்றின் துளை வழியே குழாயைச் செலுத்திச் சிறுகுடலின் உட்புறத்தைக் கண்டார்கள். தோலுரித்த தக்காளி போல, கண்ட இடமெல்லாம் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர் தம்மினும் மூத்தவர் இருவரிடம் தொலைபேசியில் பேசினார். மறுநாள் வந்து கட்டிலின் ஓரத்தில், நோயாளியின் உறவினர் அமர்வதுபோல் அமர்ந்தார்.

"வீட்டை இடிச்சாச்சுன்னு சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும்னு நான் நினைக்கலம்மா. பெருங்குடல எடுத்த பிறகு சிறுகுடல் இப்படிப் புண்ணாகுறது அபூர்வத்துலயும் அபூர்வம். நான் படிச்சதோட சரி, கண்ணால பார்க்கிறது இதான் முதல்."

"பொழைப்பேனா?"

"உடம்புல தண்ணியும் உப்பும் வத்திப்போச்சு. அதை ஊசி வழியா ஏத்துறோம். முன்ன சாப்பிட்டீங்களே, முகம் வீங்குற மருந்து, அதையே இப்ப ரத்தத்துல கொடுக்கிறோம். அதுக்குக் கட்டுப்படும்னு நம்புறேன். ஆனா ஒண்ணு கேட்கிறேன். முதல் நாளே ஏம்மா வரல?"

விடை அதே வார்டின் கடைசிக் கட்டிலில் படுத்திருந்தது.

சந்தனத்தை அறுவைக்கு முன் குருதி ஏற்றுவதற்காக அங்கேதான் சேர்த்திருந்தார்கள். வெள்ளத்தாய் அன்னத்தாயைக் கண்டபோது, கையிலிருந்த கஞ்சித் தூக்கை அப்படியே தரையில் வைத்தாள். பிறகு நெருங்கி வந்தாள். கூச்சலிடவில்லை, கூச்சலிட்டிருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

"சாமி சாட்சியாச் சொன்னியே, தாயி."

அன்னத்தாய் கண்களை மூடிக்கொண்டாள்.

"எம்மகளக் கொல்லப் பாத்தியே."

"இல்லக்கா. அவ பொழைக்கணும்னுதான்..."

"பொழைக்கணும்னா? அறுத்தும் போகாத நோய்க்கு எதுக்கு அறுக்கணும்? ஒன் வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கவே மாட்டேன்." திரும்பி மகளின் கட்டிலை நோக்கி நடந்தாள். "எந்திரிட்டி. போதும். ஊருக்குப் போவோம்."

மருத்துவர் வந்து சொல்லிப் பார்த்தார். ஒருத்திக்கு வந்தது எல்லார்க்கும் வராது என்றார். அறுக்காவிட்டால் சந்தனம் இந்த மழைக்காலம் தாண்டமாட்டாள் என்றார். வெள்ளத்தாய் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டே இருந்தாள். மாலைக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகப் போவதாகச் சொன்னாள். சந்தனம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொலைவிலிருந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்த அன்னத்தாய்க்கு, கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசிநீரைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

பிற்பகலில் ஏதோ ஓசை கேட்டு விழித்தாள். சந்தனம் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அவள் கட்டிலருகே நின்றாள். பின்னாலேயே வெள்ளத்தாய்.

"ஏட்டி, அவகிட்ட என்ன பேச்சு? வாட்டி இங்க."

"ஆத்தா, செத்த நேரம் வாய மூடு." சந்தனம் மூச்சு வாங்கினாள். குரல் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. "அக்கா, நீ கோயில்ல சாட்சி சொன்னதக் கேட்டுத்தான் நான் ஆப்ரேசனுக்குத் தலையாட்டுனேன்னு நெனைச்சுட்டு இருக்கியா?"

அன்னத்தாய் அவளை வெறித்துப் பார்த்தாள்.

"நீ என்ன பேசுனன்னே எனக்கு ஞாவகம் இல்ல. வவுத்து வலியில பின்னால தூணுக்குப் பக்கத்துல சுருண்டு கெடந்தேன். பொறவு பந்தியில ஒன் எலையப் பாத்தேன். கறிக்கொழம்பு ஊத்தித் தின்ன. தின்னுட்டு, வாளியோட போனவரக் கூப்பிட்டு ரெண்டாந்தரம் சோறு வாங்குன. வாங்கித் தின்னுட்டு எலும்பக் கடிச்ச. எந்திரிச்சு எங்கயும் ஓடல." அவள் உதடு கோணியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "நான் ரெண்டு வருசமாக் கஞ்சித் தண்ணி. அதுக்கும் ஓடுறேன். ஒன் எலையப் பாத்துட்டுத்தான் சரின்னேன்."

அன்னத்தாயின் நெஞ்சில் ஏதோ இடிந்து விழுந்தது. எந்தச் சொல்லைக் காக்க இத்தனை நாள் குருதியை மறைத்தாளோ, எந்தச் சொல்லுக்காகக் கடவுளின் பெயரால் பொய் சொன்னாளோ, அந்தச் சொல் இந்தப் பெண்ணின் செவியில் விழவே இல்லை.

"இப்ப நெசத்தச் சொல்லு" என்றாள் சந்தனம். "அறுத்த பொறவு எம்புட்டு நாள் நல்லாருந்த?"

"ஒரு வருசத்துக்கு மேல. நல்லாத் தின்னேன். வேலைக்குப் போனேன். ஓடல." அன்னத்தாய் ஊசி ஏறும் கையைப் பார்த்தாள். "அப்பொறம் வந்திருச்சு. ஏன்னு டாக்டருக்கே தெரியல. முந்தாநாள் வரைக்கும் செவப்பு. இன்னிக்குக் காலையில மஞ்சளாத் தெரிஞ்சுது. நெலைக்குமான்னு தெரியாது."

"எதுல தெரிஞ்சுது?"

அன்னத்தாய் போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, எதுல தெரிஞ்சுது?"

தேவஇரக்கத்தைத் தவிர வேறொருவர் கண்ணில் படாதது அது. சபையின் முன்னே சொல்லாமல் விட்ட ஒரே செய்தியும் அதுதான். அன்னத்தாய் ஊசி ஏறாத கையால் போர்வையை விலக்கினாள், சேலையை ஒதுக்கினாள். வாரும், பையும், பையின் மூலையில் சைக்கிள் டியூபின் கறுப்பு ஒட்டும் வெளிப்பட்டன. உள்ளே இருந்தது மஞ்சள். ஓரத்தில் மட்டும் மெல்லிய செங்கீற்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சந்தனம் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

வெள்ளத்தாய் கையிலிருந்த மூட்டையை இறக்கவில்லை. அவள் கண்கள் பையில் நின்றன; ஒட்டில் நின்றன; வாரின் கொக்கியில் நின்றன. அறுவை வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள் என்று அன்னத்தாய் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

"இதுக்கு மேல சேலை எப்படிக் கட்டுவ?" என்று கேட்டாள் வெள்ளத்தாய். "கொசுவம் இடிக்காதா?"

"இடப்பக்கம் தள்ளிச் செருகணும், அக்கா" என்றாள் அன்னத்தாய். "மூட்டையக் கீழ வைங்க. காட்டுதேன்."